ஒருத்தர் பேருக்கு மட்டும்

கோயமுத்தூருக்கு வடக்கே, பம்ப் கம்பெனிகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற பக்கத்தில் ஆவாரங்காட்டு வீதி என்று ஒரு வீதி இருந்தது. அங்கே ஆவாரஞ்செடியும் கிடையாது, காடும் கிடையாது, முப்பத்திரண்டு ஓட்டு வீடுகளும் அவற்றுக்குள் வேலையிலிருந்து நின்றுபோன மனிதர்களும்தான் இருந்தார்கள். அந்த முப்பத்திரண்டு வீடுகளில் சென்னியப்பன் ஒருவரிடம் மட்டுமே மருத்துவக் காப்பீட்டுக் கார்டு இருந்தபடியால், வீதியின் நோய்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு வந்து அவர் உடம்பில் குடியேறின.

சென்னியப்பன் முப்பத்தெட்டு வருஷம் லேத்தில் நின்றவர். அறுபது வயதில் கம்பெனி அவருக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் நாலு பேர் கைதட்டலும் கொடுத்து அனுப்பிவைத்தபோது, அதுவரை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனிக் காப்பீடும் அன்றைக்கே அவரை விட்டுப் போய்விட்டது. பதினோராம் நாள் ஏஜெண்ட் விசாகன் வீட்டுக்கு வந்தான். நாற்பது வயதுக்காரன், மரியாதை தெரிந்த ஆள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, சென்னியப்பனின் மனைவி துளசிமணி கொடுத்த மோரைக் குடித்து, செல்போனில் வயதையும் எடையையும் தட்டிப் பார்த்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு இவ்வளவு ஆகும் என்று சொன்னபோது, வருகிற சொற்பப் பென்ஷன் முழுக்கவும் அதற்கே போய்விடும் என்று மூன்று பேருக்குமே தெரிந்தது.

"ஒருத்தர் பேருக்கு மட்டும் போட்டா?" என்று கேட்டாள் துளசிமணி.

"போடலாங்க்கா. யார் பேருக்குன்னு நீங்கதான் சொல்லோணும்."

மூன்று நாள் அந்த வீட்டில் அதுதான் பேச்சு. "உம்பட பேருக்குப் போடு, உனக்குத்தான் சக்கரை இருக்குது" என்றார் அவர். "சக்கரை இருக்கறதாலதானுங்க எனக்கு அத்தனை கேக்கறாங்க. நீங்க ஒரு தலைவலி மாத்தரை போட்டு நான் பாத்ததில்ல, உங்க பேருக்குன்னா கொறச்சலா முடியும்" என்றாள் அவள். நோயில்லாத உடம்புக்குக் காப்பீடு மலிவு என்பதால் நோயில்லாத உடம்புக்கே காப்பீடு என்று கடைசியில் முடிவாயிற்று. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் ஆயாவாக இருந்து, யார் யார் பிள்ளைகளுக்கோ மூக்குத் துடைத்துவிட்டு, தனக்கென்று பிள்ளையும் இல்லாமல் பென்ஷனும் இல்லாமல் வெளியே வந்தவள் துளசிமணி. தனக்கு வேண்டும் என்று ஒன்றைக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. கார்டு தபாலில் வந்ததும் அதன் மூலையில் மஞ்சள் தடவி சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டாள்.

எட்டாவது மாதம் அவள் துணி துவைக்கிற கல்லடியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு தரையில் மோதி உள்ளே ஏதோ ஒடிகிற சத்தம் அவளுக்கே கேட்டது, ஆனால் வலி வரவில்லை, வலிக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அது வராததால் எழுந்து சேலையிலிருந்த ஈரத்தை அவள் பிழிந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்குள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த சென்னியப்பன் "ஐயோ, கை! கை!" என்று கத்தினார்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எங்க விழுந்தீங்க?"

"நான் விழுகலீங்க டாக்டர். கடலை உரிச்சிட்டிருந்தேன்" என்றார் சென்னியப்பன்.

"நாந்தானுங்க விழுந்தேன்" என்றாள் துளசிமணி.

டாக்டர் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கதவிடுக்கு வழியே வெளியே உட்கார்ந்திருந்த நாற்பது பேரையும் பார்த்தார். கார்டு செல்லும் என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். ஆகவே கீழே விழுந்ததால் ஏற்பட்ட முறிவு என்று எழுதி, மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்து வரச்சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஆறு வாரத்துக்குள் துளசிமணியின் ஒன்பது வருஷச் சர்க்கரையும் கட்டைவிரல் மரத்துப்போவதும் பொழுது சாய்ந்தால் கண் மங்குவதும் ஒன்றன்பின் ஒன்றாக அவளை விட்டு இறங்கிப்போய் அவர்மேல் ஏறிக்கொண்டன. அவள் காப்பியில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தாள், அவர் சர்க்கரையில்லாத காப்பியை முகம் சுளிக்காமல் குடித்தார்.

எதிர்வீட்டில் மாவரைத்து விற்கிற பழனாத்தாளிடம் துளசிமணி இதைச் சொன்னபோது, பழனாத்தாள் கிரைண்டரை நிறுத்தக்கூட இல்லை. "இதுல என்ன கண்ணு அதிசயம்? எந்த ஒடம்புக்குக் கார்டு இருக்குதுன்னு நோவுக்குத் தெரியாதா?" என்றாள். அன்று சாயங்காலம் கையொடிந்தவரைப் பார்க்க ஒரு தூக்குப்போசி நிறைய முருங்கைக்கீரைச் சாறு கொண்டுவந்து, அவர் காலடியில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, சுவரைப் பிடிக்காமல், முனகாமல், ஒரே மூச்சில் எழுந்து நின்றாள். நின்றவளே திகைத்துக் குனிந்து தன் முட்டியைப் பார்த்தாள்.

"அக்கா, இது உங்க முட்டிதானே?" என்றார் கட்டிலில் இருந்த சென்னியப்பன், வேட்டியை ஒதுக்கி வீங்கியிருந்த தன் முழங்காலைக் காட்டி. "பாவம்க்கா, இதை வெச்சுட்டா பத்து வருஷமா மாவரைச்சீங்க?"

பழனாத்தாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுவிட்டு, தாவணி போட்ட காலத்தில் நடந்த நடையில் வீதியைக் கடந்து வீட்டுக்குப் போனாள். அந்த நடையை வீதி பார்த்தது.

அதற்குப் பிறகு தையல்கடை ஹமீது பாயின் சிறுநீரகக் கல் வந்தது, கடைசி வீட்டுக்காரரின் குடலிறக்கம் வந்தது, வருஷம் முழுக்க இழுத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் மூச்சிரைப்பு வந்தது, இன்னொருத்தியின் கண்புரை வந்தது. யாரும் கொடுக்கவேண்டும் என்று கொடுக்கவில்லை, அவரும் வாங்கவேண்டும் என்று வாங்கவில்லை, பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகும்போது இலேசாகப் போனார்கள், அவ்வளவுதான். பிறகு, எந்த வீதியும் எதற்கும் பழகிக்கொள்வதுபோல, ஆவாரங்காட்டு வீதியும் இதற்குப் பழகிக்கொண்டது. சளி, காய்ச்சல், பல்வலி இதற்கெல்லாம் சென்னியப்பன் வீட்டுப் பக்கம் போகக்கூடாது, மாத்திரை வாங்கித் தின்றுகொள்ளவேண்டும் என்று தாங்களாகவே பேசி வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் ஒரு வீட்டுக்கு மேல் அவரைப் பார்க்கப் போவதில்லை என்று ரேஷன் கடைச் சுவரில் சாக்பீஸால் முறை எழுதினார்கள். யாருடைய நோய் அவரிடம் இருக்கிறதோ அந்த வீட்டில் அந்த மாதம் அவருக்குப் பத்தியச் சமையல். ஹமீது பாய் அவருக்கு மட்டும் கைகளை நுழைக்கச் சிரமமில்லாத சட்டை தைத்துக் கொடுத்தார். குடலிறக்கம் போன மனிதர் படிக்கட்டை இடித்துச் சாய்வாகச் சிமெண்ட் பூசினார். கோயில் நோன்பில் மாகாளியம்மனுக்கு அடுத்த தீபாராதனைத் தட்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவருக்கென்று ஒரு கட்டில் இருப்பதுபோலவே ஆகிவிட்டது. காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண், "ஐயா, இந்தத் தடவை யாருது?" என்று கேட்டுக்கொண்டே தாள்களை நிரப்புவாள், ஏனென்றால் நோயின் பெயரைக் கேட்கிற கட்டம்தான் அந்தத் தாளில் இருந்ததே தவிர நோய் யாருடையது என்று கேட்கிற கட்டம் அதில் இல்லை.

சென்னியப்பன் குறைப்பட்டுக்கொண்டதே கிடையாது. லேத்தில் நின்ற முப்பத்தெட்டு வருஷமும் வீதியில் யாரும் அவரை நின்று விசாரித்ததில்லை. இப்போது அவர் எல்லோருக்கும் தேவைப்பட்டார். நோய்களை அவர் மனிதர்களைப்போலவே பேசினார். "பழனாத்தாக்கா முட்டி பரவாயில்ல துளசி, உக்காந்தா சும்மா இருக்கும். பாயோட கல்லுதான் மரியாதை தெரியாதது, சோறு திங்கும்போது வந்து நிக்குது" என்பார். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு சமையற்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு எங்கேயும் எதுவும் வலிக்கவில்லை. அறுபத்து மூன்று வயதில் அவள் ஒரு குடம் தண்ணீரை இடுப்பிலும் இன்னொன்றைக் கையிலும் தூக்கிக்கொண்டு நடந்தாள், முடி கருத்தது, அவள் கொழுகொழுவென்று ஆகிக்கொண்டே இருந்தாள், அவர் உருகிக்கொண்டே இருந்தார், வீட்டுக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அவளை அவருடைய மகள் என்று நினைத்துப் பேசிவிட்டார். அன்று அவள் சாப்பிடவில்லை. பட்டினி கிடந்தாலாவது உடம்பு கெடுமா என்று நாலு நாள் பார்த்தாள். தலைசுற்றல் அவருக்கு வந்தது.

நாலாவது வருஷம் ஐப்பசியில், குளிக்கும்போது, இடது மார்பில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு அவள் கையில் தட்டுப்பட்டது. வலிக்கவில்லை. நகரவும் இல்லை. அவள் அதன்மேல் விரலை வைத்தபடி வெந்நீர் ஆறிப்போகும்வரை நின்றாள். பயம் வந்தது, ஆனால் அது தனக்கான பயம் இல்லை.

அன்றிலிருந்து அவள் அவரைத் தொடவில்லை. பாயைச் சமையற்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். டம்ளரைக் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்தாள். முதுகு தேய்த்துவிடச் சொன்னபோது குடலிறக்கம் போன மனிதரைக் கூப்பிட்டாள். முந்தானையை இறுக்கி இழுத்துச் செருகிக்கொண்டு, மார்பின்மேல் இடது கையை மடித்து வைத்தபடியே வளைய வந்தாள், கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறவள்போல. 'எங்கயும் போகாத, இங்கியே இரு' என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"எம்மேல என்ன கோவம்?" என்று இரண்டு வாரம் கழித்துக் கேட்டார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க."

"பின்ன எதுக்கு சம்பந்தியாட்ட அவ்வளவு தள்ளி நிக்கற?"

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். மூன்றாவது வாரம் ஒரு காலையில் குளிக்கும்போது, நாலைந்து நாளாகத் தொட்டுப் பார்க்கப் பயந்திருந்த விரல் தேடியது. மார்பு வழவழவென்று இருந்தது. அவள் ஈரச்சேலையோடு ஓடி வந்து, கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தவரின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, அந்த எலும்புக்கூட்டு நெஞ்சில் கையை வைத்தாள். இடது காம்புக்குக் கீழே அது இருந்தது. புளியங்கொட்டையாக இல்லை, எலுமிச்சம்பழமாக இருந்தது.

"இதுக்குத்தானா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "நாலு நாளாச்சு புள்ள அது வந்து. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

"ஆம்பளைங்களுக்கும் வரும்மா, அபூர்வம்தான், ஆனா வரும்" என்றார் பெரிய டாக்டரம்மா. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுதான் என்றார்கள். ஊசி மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அவருடைய தலைமுடியும் புருவமும் கொட்டின. வாய் முழுக்கப் புண். இந்த நோயை மட்டும் அவர் பெயர் சொல்லிப் பேசவில்லை.

வீதிக்குச் செய்தி தெரிந்ததும் வீதி வெட்கப்பட்டது. ரேஷன் கடைச் சுவரில் இருந்த முறையை அழித்தார்கள். இனி யாரும் அவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை, சாப்பாட்டைக்கூடத் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். எல்லோரும் எதிர்ச்சாரியிலேயே நடந்தார்கள். ஹமீது பாய்க்குப் பித்தப்பையில் புதிதாக ஒரு கல் என்று தெரிந்தபோது, அவர் கடையைப் பூட்டிவிட்டு அந்தக் கல்லோடு பொள்ளாச்சியிலிருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கோவணம் கட்டிய காலத்திலிருந்து ஒருவருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். அங்கே ஒரு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், எட்டாம் நாள் வலி நின்றது, அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இங்கே சென்னியப்பன், "பாய் ஊருக்குப் போயிட்டாரா? கல்லு மட்டும் திரும்பி வந்துருச்சு" என்றார். தடுப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்களும் என்னதான் செய்வார்கள்?

மாசியில் பாலிசியைப் புதுப்பிக்கவேண்டிய தேதி வந்தது. விசாகன் வந்து, மோரை வேண்டாம் என்று சொல்லி, புதிய தொகையை வாயால் சொல்லக் கூசி, தாளில் எழுதி நீட்டினான். முதல் வருஷத்தைப்போல மூன்று மடங்கு.

"இத்தனை க்ளெய்ம் வந்ததுக்கு, புதுப்பிக்கறதே பெருசுங்க்கா. தேதியிலிருந்து முப்பது நாள் டைம் தருவாங்க."

"என் பேருக்கு மாத்தித் தர முடியுமா தம்பி? இவர் கார்டை எனக்கு?"

"மாத்த முடியாதுங்க்கா. புதுசா வேணா போடலாம். உங்களுக்குத்தான் ஒரு நோவும் இல்லியே, டெஸ்ட்டெல்லாம் சுத்தமா வரும், கொறச்சலா முடியும்." விசாகன் தாளை மடித்தான். "ஆனா புத்துநோய்க்கு ரெண்டு வருஷம் பொறுக்கணும். அதுக்கு முன்னால வந்தா தரமாட்டாங்க."

"ரெண்டு வருஷம் இது பொறுக்குமா?"

விசாகன் கட்டிலைப் பார்த்தான்.

"முப்பது நாளும் கட்டாம விட்டா?"

"கட்டாம விட்டா கார்டு செத்துரும்ங்க்கா. அப்புறம் ஐயாவும் எங்களையெல்லாம் மாதிரிதான்." சொல்லிவிட்டு அவன் அவள் முகத்தைப் பார்த்தான், அவள் என்ன நினைக்கிறாள் என்று அவனுக்கும் புரிந்தது. கார்டு செத்துவிட்டால் அவர் உடம்பில் இருப்பவற்றுக்கு அங்கே வேலையில்லை; ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

நாலாம் நாள் வீதி வந்தது. பழனாத்தாள் முன்னால் வந்து ஒரு மஞ்சள் பையைத் துளசிமணியின் மடியில் வைத்தாள். முப்பத்தொரு வீடுகளின் பணம் அதில் இருந்தது. "கட்டிப்போடு கண்ணு. உனக்குத் தனியா முடியாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அவர்கள் கண்களில் அன்பும் இருந்தது, பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது என்பதால் துளசிமணி அவர்களைக் குறை நினைக்கவில்லை. பையை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். ஆனால் கட்டவில்லை. பத்து நாள் போயிற்று, இருபது நாள் போயிற்று.

"எப்பக் கட்டறதா இருக்கற?" என்று ஒரு மத்தியானம் அவர் கேட்டார்.

"கட்டறதா இல்லீங்க."

அவர் எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை. அவள் தலையணையை முதுகுக்குக் கொடுத்தாள்.

"எம்பட நோவு எனக்கு வேணும்" என்றாள்.

"தரமாட்டேன்."

"அது என்னுதுங்க. எம்பட ஒடம்புல வந்தது. நீங்க யாரு அத வெச்சுக்க?"

"உங்கிட்ட வந்தா யாரு பாப்பா? எங்கிட்ட இருந்தா டாக்டரம்மா பாக்கறா, கார்டு பாக்குது, நீ பாக்கற. உங்கிட்ட வந்தா நான் மட்டுந்தான். எனக்கு ஒரு டீ வெக்கத் தெரியாது துளசி. உன்னைய வெச்சுட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"இப்ப உங்களைய வெச்சுட்டு நான் என்ன பண்றேன்னு நினைக்கறீங்க?" என்றாள் அவள். "நான் நல்லா இருக்கறேங்க. ஆட்டுரல்ல நாலு பேருக்கு மாவாட்டலாம். அத்தனை நல்லா இருக்கறேன். நல்லா இருக்கவே முடியல எனக்கு."

அவர் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள்.

முப்பதாம் நாளுக்கு முதல்நாள் காலையில் துளசிமணி மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அவரவர் கொடுத்ததை அவரவர் கையில் வைத்தாள். கட்டப்போவதில்லை என்று சொன்னாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூச்சிரைப்புக்காரி, "எனக்குச் சின்னப் பேத்தி இருக்குதுங்க்கா, அது கல்யாணம் வரைக்கும்" என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹமீது பாய் பணத்தை வாங்காமல் துளசிமணியைக் கையெடுத்துக் கும்பிட்டார். பழனாத்தாள் பணத்தை எண்ணாமலே இடுப்பில் செருகிக்கொண்டு, "பத்து வருஷம் வெச்சிருந்தேன், இனியும் வெச்சுக்கறேன், என்னுதுதானே" என்றாள். சொல்லிவிட்டு, அவசரமாக, அன்றைக்கும் மறுநாளைக்கும் சேர்த்து நாலு ஈடு மாவு அரைத்து வைத்தாள்.

கடைசி நாள் மத்தியானம் ஆவாரங்காட்டு வீதி தன் நோய்களுக்காகக் காத்திருந்தது. ஐந்தரைக்கு ஆபீஸ் மூடுகிற நேரம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பழனாத்தாள் வாசலில் ஸ்டூல் போட்டுக் காலை நீட்டி, பக்கத்தில் தைலக் குப்பியும் பழைய துணியும் எடுத்து வைத்துக்கொண்டாள். ஹமீது பாய் கடை மிஷினை மூடிவைத்துவிட்டு, ஒரு சொம்பு வாழைத்தண்டுச் சாறோடு பாயில் ஒருக்களித்துப் படுத்தார். குடலிறக்கம் போன மனிதர் பாரம் தூக்கவேண்டிய வேலையெல்லாம் காலையிலேயே முடித்திருந்தார். கண்புரைக்காரி வீதியையும் வானத்தையும் எதிர்வீட்டுக் கோலத்தையும் ஒரு தடவை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். மூச்சிரைப்புக்காரி பேத்தியை மடியில் வைத்து, தொண்டை தெளிவாக இருக்கும்போதே தனக்குத் தெரிந்த கதைகளை எல்லாம் அதற்கு வேகவேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவரும் அழவில்லை. வெளியூர் போன பிள்ளைகள் திரும்பி வருகிற பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல இருந்தார்கள்.

துளசிமணி தலைக்குக் குளித்து, சுத்தமான சேலை கட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நாலு வருஷத்தில் அவள் மனது அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. இடது மார்பின்மேல் கையை வைத்துக்கொண்டாள். சென்னியப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். ஐந்தேகால் ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால் ஆயிற்று. விரலுக்கடியில் ஒன்றும் இல்லை. அவள் அழுத்திப் பார்த்தாள், அக்குள் வரைக்கும் தேடிப் பார்த்தாள். வாசலில் பழனாத்தாள் காலை மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள். ஆறு மணிக்கு விசாகனின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

அவன் உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றபடி புதுக் கார்டை நீட்டினான்.

"யாரு கட்டுனது?" என்றாள் துளசிமணி.

"ஐயாதாங்க்கா. நேத்து நீங்க வீட்ல இல்லாதப்ப போன் பண்ணினாரு. பாங்க்கில கிடந்த டெபாசிட்டை எடுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

அந்த டெபாசிட் அவளுக்கென்று வைத்தது. அவருக்குப் பிறகு அவள் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக்கூடாது என்று, லேத்தில் ஓவர்டைம் பார்த்து அவர் சேர்த்தது. நல்ல நாளில்கூட அதைத் தொடவிட்டதில்லை. அவள் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு, "ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல புள்ள" என்றார். தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட குரலாக இருந்தது.

வெளியே பழனாத்தாள் ஸ்டூலையும் தைலக் குப்பியையும் சத்தமில்லாமல் உள்ளே எடுத்துவைத்தாள். ஹமீது பாய் சாற்றை வாய்க்காலில் ஊற்றினார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் மூச்சிரைப்புக்காரியின் பேத்தி கதை கேட்டு நடுவில் சிரித்தது, அந்தச் சிரிப்புக்கு வீதியே கொஞ்சம் மூச்சு விட்டது. மூச்சு விட்டதற்காக வீதியே தலைகுனிந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஊசி மருந்து ஏற்றுகிற முறை. ஹமீது பாயின் மச்சான் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான். துளசிமணி அவரைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் தூக்கி இறக்கினாள். அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. பெஞ்சில் அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அவருடைய கையைத் தன் மார்பின்மேல் எடுத்து வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, திரும்பி வா, இந்த வழியாக வா, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எலும்பும் தோலுமான அந்தக் கை சில்லென்று கிடந்தது. அவர் தூங்கிப்போயிருந்தார்.

புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் ஒருத்தி கையில் ஃபைலோடு கதவைத் திறந்து, வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். "அடுத்த பேஷண்ட் யாருங்க?"

"நாந்தானுங்க" என்றாள் துளசிமணி. அவருடைய தலையை மெதுவாகப் பெஞ்சின் சாய்மானத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நர்ஸுக்கு முன்னால் போய் நின்று, ரவிக்கைக் கையைத் தோள்வரைக்கும் ஏற்றி, நரம்பு நன்றாகத் தெரிகிற தன் உருண்டையான கையை நீட்டினாள்.

நர்ஸ் அந்தக் கையைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள், ஃபைலில் குத்தியிருந்த கார்டைப் பார்த்தாள்.

"இதுல சென்னியப்பன்னுதானேம்மா போட்டிருக்கு?" என்றாள், கோபமில்லாமல். "கூட வந்தவங்கல்லாம் வெளிய உக்காருங்க."